இருபதாம் வரிப் போர்

வாழ்க லிஃப்ட்காரர்! ஏழடுக்கு மாளிகைகளின் இருள்சூழ் குழிகளுள் கம்பிவடம் பற்றி இறங்கும் கிரீஸ்படி விரலோன், நடுமாடியில் நின்றுபோன பெட்டிகளை மீண்டும் எழச்செய்யும் ஸ்பேனர் ஏந்திய தடக்கையோன், பாத்திரம் தேய்ப்பதில் பழுத்த கையோன், எந்த நூலைத் திறந்தாலும் முப்பதாம் பக்கத்துக்குள் உறங்கிவிடும் பேரிமையோன் வாழ்க! அவர் ஒரு சனிக்கிழமை முற்பகலில், நூலகத்தின் இரண்டாம் மேசையில், நாற்பத்தொரு பக்கங்களை எதிர்த்துத் தனியராய் நின்று பொருத வரலாற்றைப் பாடப் புகுகிறோம். பாட வராததால் சொல்லப் புகுகிறோம்.

மூன்று இறக்கை கொண்டு முனகிச் சுழலும் மின்விசிறியே, எம் தலைவர் படித்து முடிக்குமுன் பக்கத்தைப் புரட்டாதிருந்து காப்பாயாக. இது காப்பு.

போரின் காரணம் கேளுங்கள். அந்த நூலகத்தில் ஒவ்வொரு நூலின் பின்னட்டையிலும் ‘வாசகர் கருத்து’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். தாளுக்கு இருபது வரி. வரிக்கு ஓர் ஆள். நூலை முடித்தவரே எழுதலாம். முடித்தாரா என்று அறிய நூலகர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். தாள் நிறைந்தால் நிறைந்ததுதான்; மன்னாதி மன்னர் வந்து கேட்டாலும் இரண்டாம் தாள் ஒட்டப்படாது.

நம் தலைவர் கையிலிருந்த நூலோ அறுநூற்றுப் பன்னிரண்டு பக்க வரலாற்று நாவல். தேநீர் விடுதிகளின் தெருவில் ஒன்பது வயதில் விடப்பட்டு, ஆடக் கற்று, மூன்று நரம்பு வாத்தியம் மீட்டக் கற்று, செல்வந்தர்களின் மாலைப்பொழுதுகளை மணக்கச் செய்து, கடைசியில் அத்தனையும் துறந்து, வாத்தியத்தையும் அங்கேயே வைத்துவிட்டு, அதன் பட்டுறையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு வெளியேறும் ஒரு கெய்ஷாவின், அதாவது ஜப்பானிய ஆடல்மகளின், கதை. அதன் தாளில் பத்தொன்பது வீரர்கள் ஏற்கெனவே அணிவகுத்து நின்றார்கள். நான்காம் வரியில் பல் மருத்துவர்: “பல்லைக் கருப்பாக்குவதற்கு ஆறு பக்கம். ஈறுக்கு ஒரு வார்த்தை இல்லை.” ஏழாம் வரியில் முடிதிருத்துநர்: “கொண்டை கலையாமல் கட்டையில் கழுத்தை வைத்துத் தூங்கியவள் மறுநாள் காலை எப்படிச் சிரிக்கிறாள்?” ஒன்பதில் தபால்காரர்: “அந்தப் பனியில் கடிதம் இரண்டு நாளில் போய்ச் சேராது.” பதினொன்றில் பெயர் தெரியாத ஒருவர்: “அழுதேன்.” பன்னிரண்டில் கணக்குத் தணிக்கையாளர்: “எந்தப் பக்கத்தில்?” பதின்மூன்று முதல் பதினெட்டு வரை உறைப்போர். அவள் ஏன் வெற்று உறையை எடுத்தாள் என்பதே வழக்கு. உறை அவள் இளமையின் குறியீடு என்றார் ஒருவர். மழை வந்தால் தலையில் போட்டுக்கொள்ள என்றார் அடுத்தவர். இருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை என்றார் மூன்றாமவர்.

பத்தொன்பதாம் வரியில், சின்னஞ்சிறு எழுத்தில் இப்படி இருந்தது: “உறையை எடுத்தால் எடுத்துக்கொண்டு போகட்டுமே. என் வீட்டுக்காரர் மட்டும் இந்தப் புத்தகத்தை முடித்துவிட்டால் ஒரு வாரம் பாத்திரம் நான் தேய்க்கிறேன்.”

எழுதியவர் தலைவரின் மனைவி. எழுதிய மூன்றாம் மாதம் இறந்துபோனார். காவியத்துக்கு இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மேலே செல்வோம்.

பிறகு நூலின் முதுகு விட்டுப்போய், ஆறு மாதம் பைண்டிங்கில் கிடந்தது. திரும்பி வந்ததும் முதலில் எடுத்துப் படித்தவர் தையற்கடை அக்கா, தலைவர் இரண்டாவது. மனைவியின் உறுப்பினர் அட்டையை ஒப்படைத்துவிட்டுப் போக வந்தவர், தம் வீட்டுக் கட்டிலில் எத்தனையோ நாள் குப்புறக் கிடந்த அதே அட்டைப்படத்தை அலமாரியில் கண்டார், எடுத்தார், பின்பக்கத்தைத் திருப்பினார், நெடுநேரம் நின்றார். அன்று பூண்டார் வஞ்சினம்: இந்நூலை முதலெழுத்திலிருந்து கடையெழுத்துவரை கடப்பேன், இருபதாம் வரியில் அதைப் பதிப்பேன். லிஃப்ட் குழிகளின் அடியில் டார்ச் வெளிச்சத்தில் படித்தார். பேருந்தில் படித்தார். முப்பதாம் பக்கத்தில் நான்கு முறை வீழ்ந்து ஐந்தாம் முறை எழுந்தார். நூலைத் திருப்பித் தரவேண்டிய கெடுநாளாம் அந்தச் சனிக்கிழமை விடிந்தபோது, மிச்சம் நாற்பத்தொன்று. நூலகம் மூடும் நேரம் பகல் ஒன்று.

எதிரே வந்து அமர்ந்தார் தையற்கடை அக்கா. கழுத்தில் அளவு நாடா, மூக்கில் கண்ணாடி, நெஞ்சில் நீங்காச் சினம். அடுத்த முறைக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தவர் அவரே. ஆகையால் தலைவருக்குத் தவணை நீட்டிப்பு இல்லை. அளவை இன்னொருமுறை சரிபார்த்து நாளை எழுதலாம் என்று நல்லெண்ணத்தோடு நூலை வைத்துவிட்டுப் போன அன்று மாலையே, ஒரு லிஃப்ட்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் யாருக்குத்தான் பொங்காது? அவருடைய வழக்கு கச்சை பற்றியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நாயகியின் இடைக்கச்சை நான்கு மீட்டர். இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் அதே கச்சை மூன்று மீட்டர். இந்த ஒரு மீட்டர் எங்கே போயிற்று என்பதை உலகுக்கு அறிவிக்காமல் அவர் கடையில் ஊசி ஏறாது.

போர் மூண்டது. தலைவர் ஐந்நூற்று எழுபத்திரண்டாம் பக்கத்தின்மீது பாய்ந்தார். பக்கத்து மேசையில் செய்தித்தாளை முகத்தில் போர்த்திய ஒருவரின் குறட்டை முரசுபோல் முழங்கி, ஆறு வரி படித்தால் அறுபது வரிக்கு உறக்கம் ஊட்டியது. மின்விசிறி காப்பை மறந்து ஒரே வீச்சில் மூன்று பக்கம் புரட்டியது. கைப்பேசி துடித்தது; எங்கோ ஒரு குடியிருப்பில் லிஃப்ட் கதவு மூடவில்லை என்று காவலாளி. தலைவர் நாவலிலிருந்து கண்ணெடுக்காமல், மெயினை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லி அந்தப் போர்முனையையும் வென்றார். அக்காவோ எதிரிலிருந்தபடி ஒவ்வொரு பக்கத்துக்கும் உரை எழுதிக்கொண்டிருந்தார்: இந்த இடத்தில் இழுவைதான், இதைத் தள்ளிவிட்டுப் போகலாம், அந்தக் கிழவர் எப்படியும் சாகப்போகிறார்.

பன்னிரண்டே காலுக்கு அவர் பொறுமை நூல் அறுந்தது.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன். நீங்க என்ன எழுதப்போறீங்க? நல்லாருந்துச்சுன்னு எழுதுவீங்க. அதுக்கு ஒரு முழு வரியா? எனக்குச் சொல்ல விஷயம் இருக்கு.”

தலைவர் நூலைத் திருப்பி, பத்தொன்பதாம் வரியில் கிரீஸ்படி விரலை வைத்தார். அக்கா கண்ணாடியை இறக்கி, ஏற்றி, படித்துச் சிரித்தார்.

“யாரு இது, இவ்ளோ வாய்?”

“எங்க வீட்ல.”

“அவ்ளோதானே? அவங்க கிட்டயே போய், முடிச்சுட்டேன்னு சொல்லுங்க. பாத்திரத்த தேய்க்கச் சொல்லுங்க.”

“இல்லக்கா. போன வருஷம் போயிட்டா.”

அக்கா கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார். ஒரு முனையிலிருந்து மெதுவாகச் சுருட்டினார். சுருட்டி முடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“எத்தனை பக்கம் பாக்கி?”

“பதினெட்டு.”

“படிங்க. நான் தூங்க விடமாட்டேன்.”

பகைவர் படைத்துணையான அந்த அற்புதத்தை எந்நாவால் உரைப்போம்! முதலில் அவர் எழுந்துபோய்ச் செய்தித்தாளை உருவினார், முரசு மாய்ந்தது. பின் மின்விசிறியை நிறுத்தினார். முழு நூலகமும் வியர்த்தது. ஆட்சேபிக்க எழுந்தவர்களை ஒரே பார்வையில் உட்காரவைத்தார். தலைவரின் இமை சரியும்போதெல்லாம் கண்ணாடிக் கூட்டால் மேசையில் ஒரு தட்டு. ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் ஒரு தட்டு. அறுநூற்றைந்தில் இரண்டு. அறுநூற்று ஒன்பதில் தட்டு தேவைப்படவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டில் தலைவர் கடைசி வரியை மூன்று முறை படித்து நூலை மூடியபோது, சுவர்க் கடிகாரம் ஒன்றுக்கு ஆறு நிமிடம் காட்டியது.

மேசைக்கு மேசை செய்தி பரவ, இருவரும் நூலகர் முன் சென்று நின்றார்கள்.

“கடைசியில அந்தம்மா என்ன எடுத்துட்டுப் போறாங்க?” என்றார் நூலகர்.

“வாத்தியத்தோட உறைய. வாத்தியத்த வச்சுட்டு.”

“ஏன்?”

“சார், கேள்வி ஒண்ணுதான்,” என்றார் அக்கா. “ரெண்டாவது கேள்வி சட்டத்துல இல்ல.”

நூலகர் சட்டத்தை மதிப்பவர். பேனாவை நீட்டினார். அது களவுபோகாதபடி மேசைக்காலில் நூலால் பிணிக்கப்பட்ட பேனா. கட்டிய நூல் இருபதாம் வரியை எட்டவில்லை. தலைவர் இழுத்துப் பார்த்தார், இம்மியும் வரவில்லை; புத்தகத்தை மேசை விளிம்புக்கு இழுத்துச் சாய்த்தால்தான் எட்டியது. ஆகவே, ஏழடுக்குக் குழிக்கும் வணங்கா அந்த முதுகு வளைந்தது, முழங்கால் மடிந்தது, தாடை மேசையில் பட்டது. அந்நிலையில், தம் மனைவியின் எழுத்துக்கு நேர் கீழே, தலைவர் ஒரே ஒரு சொல் எழுதினார்.

முடித்துவிட்டேன்.

“அவ்ளோதானா?” என்றார் அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “முக்கால் வரி சும்மா கெடக்கே.”

தலைவர் நிமிர்ந்தார். பேனாவை அக்காவிடம் நீட்டினார். வரிக்கு ஓர் ஆள் என்ற சட்டத்தின் காவலரான நூலகர், அக்கணம் பார்த்துச் சாவிக்கொத்தைத் தேடி அலமாரிப் பக்கம் போய்விட்டார். அக்கா முழங்காலிட்டு, தாடை பதித்து, எஞ்சிய முக்கால் வரியில் அந்த ஒரு மீட்டரைப் பக்க எண்களோடு நிலைநாட்டினார். தாள் நிறைந்தது. பத்தொன்பது வரிகளும் பார்த்திருக்க, இருபதாம் வரி இருவருக்கும் உரியதாயிற்று. வெற்றி முழக்கமாய் நூலகத்தின் இரும்புக் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. வெயில் குடை பிடித்தது. வீதியெங்கும் பேருந்துகள் ஊதுகொம்பு ஒலித்தன. வாகை சூடிய பேரிமையோன், ஒரு வாரம் பாத்திரத்திலிருந்து விடுதலை பெற்ற வீரர், விழிப்பே வடிவாய் வீடு நோக்கி நடந்தார்.

வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தார்.