தூரத்ததை முதலில் தொடு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் என் கையில் கொடுக்கக் கூடாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஏனென்றால் என் வீட்டார் இதை ஏற்கெனவே எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, போகிற வருகிற எல்லோருக்கும் படிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அப்போது நான் கேரள எல்லையோரம் பாறசாலையில் ஒரு சின்ன இன்டர்நெட் கடையில் வேலை பார்த்தேன். கேபிள் இழுக்க முடியாத மலையோரத்து வீடுகளுக்கு ரேடியோ வழியாக இணைப்பு கொடுப்பதுதான் தொழில். பெரிய வித்தை ஒன்றுமில்லை. உயரமான கட்டடத்தின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி, வீட்டு மொட்டைமாடியில் இன்னொரு வெள்ளைப் பெட்டி. மேலே இருப்பது கூப்பிடும், அதற்கு அக்சஸ் பாயிண்ட் என்று பெயர். வீட்டில் இருப்பது அந்தக் குரலைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், அது ஸ்டேஷன். இரண்டிலும் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கடைச் சுவரில் ஓர் அட்டை தொங்கும். ‘எதை மாற்றினாலும் தூரத்து ரேடியோவை முதலில் மாற்று, பக்கத்தில் இருப்பதைக் கடைசியில் மாற்று.’ பக்கத்தில் இருப்பதை முதலில் மாற்றிவிட்டால், தூரத்தது பழைய பெயரையே தேடிக்கொண்டு நிற்கும். பெயர் மாறிவிட்டதப்பா என்று அதனிடம் போய்ச் சொல்ல வழியே இருக்காது. இந்தத் தத்துவத்தை அம்பூரியில் எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டே பலமுறை விளக்கியிருக்கிறேன். அம்மா கேட்கவில்லை. கேட்டது என் மைனி ஒருத்திதான்.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி, ஷீபா. நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்காக ராத்திரி டூட்டி முடித்து வந்து உட்கார்ந்து படித்து, இங்கிலீஷ் பரீட்சையை இரண்டாம் தடவையில் ஜெயித்தவள். முதல் இன்டர்வியூவில் வீடியோ பாதியில் அறுந்துபோனது. எங்கள் வீட்டில் செல்போனுக்கே சிக்னல் கிடையாது. பின்பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்றால் மட்டும் பேசலாம். அவள் கெஞ்சி எழுதியதில் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதற்காகத்தான் நான் வீட்டு மாடியில் ரேடியோ வைத்தேன். மூன்று வாரம் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இன்டர்வியூ காலை பதினொரு மணிக்கு. பத்தே காலுக்கு நான் வெள்ளறடைப் பக்கம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், எங்கள் வீட்டை மட்டும் கூப்பிடும் ரேடியோவுக்குப் பக்கத்தில், லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மைனிக்கு இன்டர்வியூ நடக்கும்போது நான் காவலுக்கு நிற்க வேண்டும் என்று எனக்கே ஒரு வீரம். போனவன் சும்மா இருந்திருக்கலாம். திரையில் நெட்வொர்க்கின் பெயர் கம்பெனி வைத்த எண்களாகவே இருந்தது. இத்தனை முக்கியமான நாளில் இப்படி அனாதையாகவா இருப்பது? அதை அழித்துவிட்டு ‘வினு ராஜா’ என்று அடித்தேன். (வினு நான்தான். ராஜா எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.) வந்த வேகத்தில் பாஸ்வேர்டையும் மாற்றி, சேமி என்று அழுத்தினேன்.

அழுத்திய பிறகுதான் அட்டை ஞாபகம் வந்தது.

பழையபடி மாற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பெயரை மாற்றலாம். பழைய பாஸ்வேர்டு திரையில் வெறும் கறுப்புப் புள்ளிகளாகத்தான் இருந்தது. அதை வைத்தவனும் நானே. எங்கும் எழுதிவைக்கவில்லை, ‘எல்லாம் மண்டையில உண்டு’ என்கிற திமிர். மண்டைக்குள் எவ்வளவு துழாவியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுத் தண்ணீர் டாங்க் பளிச்சென்று தெரியும். ஆனால் ரோட்டு வழியே மலையைச் சுற்றிப் போக முக்கால் மணி நேரம். அண்ணன் ஷீட் லோடோடு கோட்டயம் போயிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். நல்லவேளை, மெஷின் பக்கத்தில்தான் நின்றாள்.

“அம்மா, நெட்டு போச்சு. நான்தான் போக்கினேன்.”

“எந்தா நீ செய்தே?” என்றாள். (அம்மா மலையாளத்துக்கு மாறினால் கோபம் முற்றிவிட்டது என்று பொருள்.) பிறகு வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள். “ஷீபா, ஓடி வா பிள்ளே! இந்தப் பய கரையுதான்!” (கரைவது என்றால் எங்கள் பக்கத்தில் அழுவது.)

மைனி வந்து போனை வாங்கினாள். திட்டுவாள், திட்டினால் நியாயம் என்று காத்திருந்தேன்.

“எலே வினு, மொதல்ல நீ தரையில இரி. இருந்தாச்சா? நல்லா மூச்சு விடு. இனி ஒவ்வொண்ணா சொல்லு. நான் திருப்பிச் சொல்லுவேன். நீ சரின்னு சொன்ன பெறவுதான் செய்வேன். டாக்டர் போன்ல மருந்து சொன்னா நாங்க இப்பிடித்தானாக்கும்.”

இன்டர்வியூவுக்காக இஸ்திரி போட்டு உடுத்த சேலையோடு அவள் உள்ளே ஓடினாள். போனோடு அம்மா மெஷின் பக்கத்தில். நான் சொல்வதை அம்மா கத்துவாள், மைனி திருப்பிச் சொல்வதையும் அம்மாவே கத்துவாள். வைஃபை பெட்டிக்குப் போகும் வயரைப் பிடுங்கி லேப்டாப்பில் குத்து. குத்தியாச்சு, சரியா? சரி. ரேடியோவின் பக்கத்தைத் திற. திறந்தாச்சு, சரியா? சரி.

“பேரு என்னதுன்னு கேக்கா.”

“வினு ராஜா.”

“எலே, உனக்க பேர கேக்கல்ல. ரேடியோவுக்க பேரு.”

“அதுதாம்மா.”

அம்மா, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, “வினு ராஜாவாம்!” என்று அறிவித்தாள்.

அடுத்தது பாஸ்வேர்டு, அது ஏறியது. மணி பத்து நாற்பது. பதற்றத்தில் நான் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன். “மோடுன்னு ஒண்ணு உண்டு. அதுல அக்சஸ் பாயிண்ட் போடச் சொல்லுங்க.”

அம்மா உள்ளே பார்த்துக் கத்திவிட்டுப் போனுக்குத் திரும்பினாள். “அவ போடமாட்டாளாம்.”

“ஏன்?”

“மேல இருக்கதுதானே கூப்பிடுததுன்னு நீதான சொன்ன? இங்க இருக்கதும் நின்னு கூப்பிட்டா, கேக்கதுக்கு ஆரு உண்டுன்னு கேக்கா.”

என் தலையில் நானே ஓர் அடி போட்டேன். கிழங்கு தின்றுகொண்டு நான் அளந்ததையெல்லாம் இந்தப் பெண் மனசில் வாங்கி வைத்திருக்கிறாள். வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு செய்யாமல், நின்று கேள்வி கேட்கிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் நானாக இருந்தால் ரேடியோவைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

“ஸ்டேஷன், அம்மா. ஸ்டேஷனாவே விட்டுட்டு, சேமின்னு அழுத்தச் சொல்லுங்க.”

“ஸ்டேஷன். சரியான்னு கேக்கா.”

“சரி.”

என் திரையில் வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் ஒரு வரி வந்தது. தூரத்து ரேடியோ வந்து ஒட்டிக்கொண்டது. மணி பத்து ஐம்பத்திரண்டு. அம்மா போனை அணைக்காமலேயே மாதாவுக்கும் அம்மனுக்கும் சேர்த்து நன்றி சொன்னாள். நான் லேப்டாப்பை மூடி, கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, மைனி பின்பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“மைனி, மன்னிக்கணும்.”

“எதுக்குலே? இன்டர்வியூல கடைசிக் கேள்விக்குப் பதிலே நீதானாக்கும். நெருக்கடியில எப்பிடி நடந்துக்குவீங்க, ஒரு உதாரணம் சொல்லுங்கன்னு கேட்டாவ. இண்ணைக்குக் காலத்த நடந்தத சொன்னேன். நோயாளி ரொம்பப் பதறிப்போயிருந்தாரு, மொதல்ல அவர இருக்க வச்சு மூச்சு விடச் சொன்னேன், பெறவு அவர் சொன்னத ஒவ்வொண்ணா சரிபார்த்தேன், ஒண்ணு தப்பா சொன்னாரு, தடுத்தேன்னு சொன்னேன். மூணு பேரும் சிரிச்சிட்டாவ.”

“நோயாளி எப்படி இருக்கான்னு கேட்கலையா?”

“கேட்டாவ. பிழைச்சிக்குவாருன்னு சொன்னேன்.”

வேலை கிடைத்தது. இப்போது அண்ணனும் மைனியும் அங்கேதான். அன்று நான் சொன்னதையெல்லாம் அவள் நர்ஸ் பழக்கத்தில் நேரம் போட்டு எழுதிய தாள்தான் அம்பூரி வீட்டுச் சுவரில் இருக்கிறது. ‘பெயர்: வினு ராஜா. நிலை: ஸ்டேஷன், கேட்க மட்டும்.’ புதிதாக வருகிறவர்கள் அதை மருந்துச் சீட்டு என்று நினைத்து, வினுவுக்கு என்ன வியாதி என்று விசாரிப்பார்கள். அம்மா ஆதியோடந்தமாக விளக்குவாள்.

இன்று நான் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். நூற்றுக்கு மேல் வீடுகளில் ரேடியோ மாட்டியிருக்கிறேன். போன மாதம் வீட்டில் நெட் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று லேப்டாப்பைத் திறந்தேன். அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து மூடியை அடைத்தாள்.

“நீ தொடப்பிடாது. அயர்லாந்துக்கு விளிச்சிருக்கேன், ஷீபா இப்பம் லைன்ல வருவா. அவ சொல்லட்டு, நீ திருப்பிச் சொல்லு.”