செங்குத்து வெயிலும் இருநூறு தேங்காய் மூடிகளும்

மாமனார் வீட்டுக்குப் போகும் புது மாப்பிள்ளை, சாப்பிடுவது தூங்குவது தவிர வேறெந்த வேலையிலும் கை வைக்கக் கூடாது. இதை எனக்கு யாராவது கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

நான் மூணாறுப் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவன். கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். மனைவி கவிதாவின் ஊர் பெருமாட்டி. போன அன்றைக்கே மாமனார் கேட்டார்: "ஏனுங்க மாப்ளெ, வெக்டர் வெக்டர்ங்கறீங்களே, அதைய வெச்சு ஊட்டுக்கு ஆவறாப்பல ஏதாச்சும் பண்ண முடியுமுங்களா?"

அவர் சும்மாதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. களத்தில் இருநூறு தேங்காய் மூடிகள் மார்கழி வெயிலில் காயாமல் கிடந்தன. இன்னும் இரண்டு நாள் போனால் பூசணம் பிடித்துவிடும். (வீட்டுக்கு அந்த வருஷ எண்ணெயே அதுதான்.)

"எங்கிட்ட விடுங்க மாமா" என்றேன்.

விஷயம் எளிது. திசையுள்ள எதையும் வெக்டர் கணக்கில் இரண்டு கூறாகப் பிரிக்கலாம். காலை வெயில் சாய்ந்து விழும்போது, பரப்புக்குச் செங்குத்தாக இறங்கும் பங்குதான் காய வைக்கும். ஒட்டிப் போகும் பங்கு சும்மா உரசிவிட்டுப் போய்விடும். பரப்பையே சூரியன் பக்கம் சாய்த்துவிட்டால் முழு வெயிலும் நமக்குத்தான். மூங்கில் தட்டியில் மூடிகளைப் பரப்பி, நடுவில் ஓர் ஈர்க்குச்சியைச் செங்குத்தாகச் செருகினேன். அதன் நிழல் மறைந்தால் கோணம் சரி என்று பொருள். (குச்சி நட்டதும் மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டார். ஏதோ பூஜை என்று நினைத்தார் போல.)

தட்டியின் மேற்கு ஓரத்தை அவர் பின்னால் நின்று தூக்க, நான் பக்கவாட்டில் குந்தி நிழலையே பார்த்தேன்.

"போதுமுங்களா?"

"இன்னுங் கொஞ்சம் மாமா."

ஒரு மூடி நழுவியது. ஒன்றுதானே, பிழை என்று ஒதுக்கிவிட்டேன்.

"சரசரன்னு சத்தங் கேக்குதுங்களே மாப்ளெ?"

"நீங்க தூக்குங்க மாமா!"

நிழல் மறைந்தது. கூடவே தேங்காயும் மறைந்தது. இருநூறு மூடிகளும் சரிந்து உருண்டு, களத்தை ஒட்டிக் கிழக்கே ஓடிய வாய்க்காலில் விழுந்து, சின்னச் சின்னப் பரிசல்களாகக் கிளம்பிவிட்டன.

மாமனார் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏனுங்க மாப்ளெ, தேங்காயெல்லாம் எங்கீங்க?"

"போய்ட்டிருக்கு மாமா."

வெயிலைக் கூறு பிரித்த நான், தேங்காயின் எடையைக் கூறு பிரிக்க மறந்துவிட்டேன். அதிலும் தட்டியை ஒட்டிக் கீழே இழுக்கும் பங்கு ஒன்று உண்டு. மலைச்சரிவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை!

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடினார். கவிதா சிரிப்பை அடக்க முடியாமல் களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவமானத்தில் வாய்க்காலிலேயே மூழ்கிவிடலாமா என்று பார்த்தேன்; தண்ணீர் முழங்கால் வரைக்கும்தான் இருந்தது. பாதி மூடிகள்கூடக் கிடைக்கவில்லை. அந்த வருஷம் வீட்டில் கடை எண்ணெய்தான்.

போன மாதம் அந்த வீட்டுக் கூரையில் சோலார் பேனல் மாட்டினார்கள். இந்தச் சாய்வில்தான் வெயில் நேராக விழும் என்று மாட்ட வந்தவர் விளக்கினார். மாமனார் பெருமையாக என்னைக் கை காட்டினார்.

"தெரியுமுங்க. எங்க மாப்ளெ அப்பவே சொன்ன கணக்குத்தானுங்க அது. நீங்க போல்ட்ட மட்டும் நல்லா முறுக்குங்க."