துரை தந்த புளூஸ் பாட்டும் கோலப்பன் வீட்டுப் பந்தியும்

மானமுள்ளவன் எவனாவது ரெண்டாம் பந்தியில் சாப்பிடுவானா? நீங்களே சொல்லுங்கள்.

என் மனைவி தாணம்மாளின் அண்ணன் கோலப்பன், ஆரல்வாய்மொழியில் புதுவீடு கட்டிப் பால்காய்ச்சினார். வீட்டு மாப்பிள்ளை நான். முதல் பந்தியில் முதல் இலை என்னுடையது. உட்காரப் போனவனைக் கையைப் பிடித்து எழுப்பினார்.

"மாப்பிள்ளே, நீங்க நம்ம ஆளுல்லா? அடுத்த பந்தியில இருக்கலாம்."

அந்த இலையில் தாசில்தாரை உட்கார வைத்தார்! அன்றைக்கே சபதம் போட்டேன். இனி அந்த வீட்டுப் படியை நானும் மிதிப்பதில்லை, என் பெண்டாட்டியும் மிதிப்பதில்லை.

இப்போது கோலப்பன் மகளுக்குக் கல்யாணம். போகாமல் இருந்தால் போதுமா? போகவில்லை என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது. முகூர்த்தத்துக்குக் கூட்டம் சேரும் நேரம் பார்த்து, வாசல் வழியாக, நிற்காமல், மோட்டார் சைக்கிளில் பாட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

மோட்டார் சைக்கிள், குலசேகரம் ரப்பர் தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது எனக்கு விற்றது. பக்கத்தில் ஆள் உட்காரும் பெட்டி ஒன்று ஒட்டியிருக்கும். கூடவே ஒரு கிராமபோனும் சில ரிக்கார்டும் தந்தார். 'புளூஸ்' என்று பெயராம். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் கிட்டாரைத் தட்டி மனசு விட்டுப் பாடுவது. தூரவழிக்கு இதைப்போலத் துணை கிடையாது என்றார் துரை. எனக்குப் பாஷை புரியவில்லை. ஆனால் பாடுகிறவனையும் யாரோ ரெண்டாம் பந்திக்குத் தள்ளியிருக்கிறார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது.

ஒரே சிக்கல், வண்டி குலுங்கினால் ஊசி துள்ளியது. யாராவது பெட்டியில் உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, கிராமபோனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"ஏட்டி தாணம்மா, நீ பிடிச்சுக்கிடுவியா?"

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன்.

"பிடிச்சுக்கிடுகேன். வழியில வண்டி நின்னுட்டுன்னா?"

"அது எப்படி நிக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

விவரம் இல்லாதவள். பெட்ரோல் டாங்குக்கு அடியில் இருக்கும் திருகைக் காட்டி, பொறுமையாக விளக்கினேன்.

"இதைத் திறந்தா ஓடும். அடைச்சா ரெண்டு பர்லாங்குல நின்னுரும். மனசிலாச்சா?"

"நல்லா மனசிலாச்சு."

கல்யாணத்தன்று பார்த்தால் பட்டுச்சேலையும் பூவும் நகையுமாக வந்து நிற்கிறாள்.

"பாட்டுப்பெட்டி பிடிக்கதுக்குப் பட்டா?"

"நாலு பேரு பாக்கணும்னு நீங்கதானே சொன்னிய. கிழிஞ்சதை உடுத்துட்டுப் போனா யாருக்குக் கொறச்சல்?"

நியாயமாகத்தான் பட்டது.

தோவாளை தாண்டினோம். காற்றுக்கு மேலே புளூஸ்காரன் உருகினான். வயலில் நின்றவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு, "யாரு போய்ச் சேந்தது?" என்று கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாட்டுவே இது! பாட்டு!"

ஆரல்வாய்மொழி எல்லையில் தாணம்மாள் குனிந்து தலையணையைச் சரிசெய்தாள். வாழைக்குலை கட்டிய பந்தல் தெரிந்தது. நெஞ்சை நிமிர்த்தினேன். பந்தல் வாசலில் வண்டி இருமியது. நின்றே போனது. மிதித்தேன், மிதித்தேன், வேட்டி அவிழும்வரை மிதித்தேன். புளூஸ்காரன் மட்டும் நிறுத்தவில்லை.

கோலப்பன் ஓடி வந்தார்.

"மாப்பிள்ளே, வந்திட்டியளா! முகூர்த்த நேரத்துல இதென்ன ஒப்பாரி?"

"நல்லதும் இருக்கு அண்ணா" என்றாள் தாணம்மாள். தலையணை உறைக்குள்ளிருந்து நாதஸ்வர ரிக்கார்டுகள் வெளியே வந்தன. "நாதஸ்வரக்காரர் காய்ச்சல்ல படுத்துட்டாருன்னு ஆள் விட்டியல்லா? இவங்க பாத்துக்கிடுவாங்க."

"ஏட்டி, என் சபதம்?"

"படியை மிதிக்காண்டாம். பந்தல்லயே இருங்க."

ஊரே பார்க்கிறது. ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு கோபித்துக்கொண்டு போவது எப்படி? உட்கார்ந்தேன். கிராமபோனுக்குச் சாவி கொடுத்தேன். தாலி கட்டியாயிற்று. முதல் பந்தி எழுந்தது. ரெண்டாம் பந்தி எழுந்தது. நான் கொஞ்சம் அசைந்தால், "பாட்டு எங்க?" என்று கோலப்பன் சத்தம் போடுகிறார். அடுப்படி ஆட்களும் பந்தல்காரர்களும் உட்கார்ந்த கடைசிப் பந்தியில்தான் எனக்கு இலை விழுந்தது.

தாணம்மாள் பாயசம் விட்டாள்.

"மெல்லச் சாப்பிடுங்க. திருகைத் திறந்து வச்சிட்டேன், வண்டி இனி ஓடும்."