ஓல்டான் எழுதிய புரோகிராம்

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிற ஒருவருக்கும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது, அவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ரிவர்ஸ் எடுத்தது ஒரே ஒரு மனிதரின் தொண்டைதான் என்று நான் சொன்னால், டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஓல்டானின் குரலை ஒரு தடவை கேட்டவர்கள் என் பக்கம்தான் நிற்பார்கள்.

எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில்தான் எனக்கு முதல் வேலை. படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ், தட்டியது லாரி நம்பர். என் ஜன்னலுக்கு நேர் கீழே சரக்கு இறக்கும் மேடை. ஒவ்வொரு டிரெய்லரின் பின்பக்கத்தையும் அந்த மேடையோடு கொண்டுவந்து ஒட்ட வைப்பது ஓல்டானின் பொறுப்பு. வண்டிக்குப் பின்னால் நின்று குரல் கொடுப்பார். இடம் நிறைய இருந்தால் 'வாவாவாவா' என்று கொட்டும். நெருங்க நெருங்க 'வா... வா...' என்று இழுபடும். மேடைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம் மிச்சமிருக்கும்போது 'ஓல்டான்' என்று ஓர் அதட்டல் விழும். நிறுத்து என்று அர்த்தம். பஸ் கண்டக்டர்கள் சொல்கிற அதே வார்த்தைதான், ஆனால் இவர் சொன்னால் வண்டியோடு சேர்ந்து வெளியே ரோட்டில் போகிற சைக்கிளும் நிற்கும். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது, நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

இந்தக் குரலை நம்பி டிரைவர்கள் கெட்டே போயிருந்தார்கள். கண்ணாடியில் பின்னால் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அதே கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே ரிவர்ஸ் வந்த ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்.

வண்டி இல்லாத நேரத்தில் ஓல்டான் மாடியேறி என் மேஜைக்கு வந்துவிடுவார். உலகத்தில் உள்ள அத்தனை மின்சாதனங்கள் மேலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. காதில் இயர்போன் மாட்டியவன் கண்ணாடி இல்லாத வண்டி என்பார். ஃபோனில் வழி சொல்கிற பெண்குரலுக்கு வண்டியின் நீளம் தெரியாது என்பார். அதை நம்பி ஒரு டிரைவர் தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றுக்குள் டிரெய்லரோடு போய்விட, வெளியே எடுக்க இவரைத்தான் ஆட்டோ அனுப்பிக் கூட்டிப்போனார்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தும் பதில் சொல்லாதவனை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. முகம் பார்த்துத் திறக்கிற ஃபோன் மேல் மட்டும் தனிக் கோபம்.

"காலீல பல்லு வெளக்காத மூஞ்சிய இதுக்கு அடையாளம் தெரிலம்மா. என் வூட்டுக்காரிக்குத் தெரியுது. அப்ப எது ஸ்மார்ட்டு?"

நான் சிரித்துச் சிரித்துத் தப்பான நம்பரெல்லாம் ஏற்றியிருக்கிறேன்.

அந்தத் தொண்டையில்தான் ஒரு நாள் கட்டி வந்தது. பெரிய வியாதி இல்லை, ஓயாமல் கத்துகிறவர்களுக்கு வருவதுதான், ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார் டாக்டர். ஆனால் இப்போதிருந்தே கத்தக் கூடாது, அப்புறமும் பழைய மாதிரி கத்த முடியாது. மேனேஜர் கெட்டவர் இல்லை. ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார். ஒரு டிரைவரும் அதை மதிக்கவில்லை. 'இன்னும் கொஞ்சம்' என்று விசிலுக்குச் சொல்லத் தெரியாதே. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, மாத முதல் தேதிக்குள் வேறு வழி கண்டுபிடிக்காவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

ஓல்டான் மாடியேறி வந்தார். குரல் தேய்ந்துபோயிருந்தது.

"டாக்டரு வாயத் தொறக்காதன்றாரு. வாயத் தொறக்கலன்னா மேனேஜரு கேட்டத் தொறக்க மாட்டாரு. நா இன்னாம்மா பண்றது?"

கீழே டீக்கடையில், ஃபோனில் காசு வந்ததும் அறிவிக்கிற பெட்டி வழக்கம்போலக் கத்தியது. ஓல்டான் அதையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"அந்தப் பொட்டி காலீலேர்ந்து கத்திகினு கீது. தொண்ட கட்டுச்சா பாத்தியா? என் கொரலயும் அதுமேரி ஒண்ணுல போட்டா?"

முடியும், ஆனால் அதற்குப் புரோகிராம் எழுத வேண்டும், நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் குரல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதாம், அவரே எழுதுவாராம். நான் உட்கார்ந்த நாற்காலியை அப்போதே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாளே தொடங்கிவிட்டோம். ஐம்பதைத் தாண்டிய மனிதர், ஒரு விரலால் பைத்தான் தட்டினார். புள்ளி விட்டுப்போனால் கம்ப்யூட்டர் திட்டும், இவர் பதிலுக்குத் திட்டுவார். ஆனால் எந்த வரியில் தப்பு என்று சொல்லிவிட்டுத் திட்டுகிறதே என்பதில் அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அவருடைய மச்சான் வரி எண் சொல்லாமல்தான் திட்டுவாராம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் தூரம் அளக்கிற சென்சார் ஒன்று வாங்கிவந்தோம். தூரத்துக்கு அவர் புரோகிராமில் வைத்த பெயர் 'கேப்பு'. கேப்பு இருக்கிற வரைக்கும் 'வா' சொல், இல்லையென்றால் 'ஓல்டான்' சொல். இதற்கு லூப் என்று பெயர் என்றதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

குரலைப் பதிவு செய்வது பெரும் பாடாகிவிட்டது. பனங்கற்கண்டுப் பால் குடித்து, தொண்டையைத் தயார் செய்து, மைக் முன்னால் உட்கார்ந்தவருக்கு 'வா' வரவில்லை. வண்டி இல்லாமல் வா என்று சொன்னால் பொய்யாக இருக்கிறது என்றார். கடைசியில் ஒரு நிஜ டிரெய்லரை வரவழைத்து, டாக்டருக்குத் தெரியாமல், ஒரே ஒரு ரிவர்ஸ். அதைப் பதிவு செய்து, 'வா' தனி, 'ஓல்டான்' தனி என்று இரண்டு ஒலியாக வெட்டி வைத்தேன். அதோடு அவர் குரல் அன்றைக்குப் படுத்துவிட்டது.

முதல் சோதனை என் மேஜையில் நடந்தது. ஓர் அட்டைப்பெட்டியை வண்டியாக நினைத்துச் சென்சார் பக்கம் நகர்த்தினோம். 'வாவாவாவா' என்றது லேப்டாப். பெட்டி சென்சாரை முட்டியது. 'வாவாவாவா' என்றது. பெட்டி சென்சாரைத் தள்ளிக்கொண்டு மேஜையை விட்டே விழுந்தது. அப்போதும் 'வாவாவாவா'. பார்த்தால், கேப்பை ஒரு முறை அளந்தவர், மறுபடி அளக்கச் சொல்லி எழுதவில்லை.

"பின்னால பாக்காமயே வான்றான். குடிகாரன் மேரி கீறான்," என்று தன் குரலைத் தானே திட்டிவிட்டு, அவரே அந்த வரியைச் சேர்த்தார். அடுத்த தடவை பெட்டி ஒரு விரல் இடைவெளியில் நின்றது. மனிதர் எழுந்து மேஜையைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டார். நானும் ஆடினேன். இஞ்சினீயர்கள் ராக்கெட் விட்டுவிட்டு ஆடுவார்களே, அதற்குக் கொஞ்சமும் குறைவில்லை.

முதல் தேதி வந்தது. மேடையில் சென்சார், பக்கத்தில் லேப்டாப். லேப்டாப்பிலிருந்து ஒயர், வண்டி நம்பர் கூப்பிடுகிற யார்டு லவுட் ஸ்பீக்கருக்குப் போனது. சத்தம் டிரைவருக்குக் கேட்க வேண்டும் இல்லையா. மேனேஜர் கைகட்டி நின்றார். அவருடைய புது கார் சற்றுத் தள்ளி நின்றது. ஒரு டிரெய்லர் மேடைக்கு நேராக வந்து நின்றதும், ஓல்டான் சாமி கும்பிட்டுவிட்டு பட்டனைத் தட்டினார்.

'வாவாவாவா' என்று யார்டு முழுவதும் முழங்கியது. அந்த டிரெய்லர் அழகாகப் பின்னால் வந்தது. அதற்குப் பக்கத்தில் நின்ற டிரெய்லரும் வந்தது. கேட் அருகே டீ குடித்துவிட்டு அப்போதுதான் ஏறிய டிரைவரின் டிரெய்லரும் வந்தது. தண்ணி லாரி வந்தது. ஓல்டான் 'வா' என்றால் தன்னைத்தான் என்று நினைப்பது அவர்களுக்கெல்லாம் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஒருவரும் கண்ணாடி பார்க்கவில்லை. யார்டு மொத்தமும் பின்னால் நகர்ந்தது. தண்ணி லாரி மேனேஜரின் காரைக் குறிவைத்து வந்தது.

ஓல்டான் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார், கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு சத்தமும் இல்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன். மேனேஜர் கத்தினார், நான் கத்தினேன். எங்கள் குரலுக்கு யார் நிற்பார்கள்? பாய்ந்து போய் லேப்டாப்பில் இரண்டாவது ஒலியைத் தேடித் தட்டினேன்.

'ஓல்டான்.'

ஒரே நேரத்தில் அத்தனை வண்டிகளும் பிரேக் அடித்தன. புழுதி அடங்கியபோது தண்ணி லாரிக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. மேனேஜர் காரைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஓல்டானைப் பார்த்தார். வேலை போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். மேனேஜர் ஸ்பீக்கர் ஒயரை மட்டும் பிடுங்கச் சொன்னார்.

"இனிமே இது ஸ்பீக்கர்ல வரக் கூடாது. அந்தந்த வண்டிக்குள்ள மட்டும் கேக்கற மாதிரி பண்ணுங்க. நீங்க இங்கயே இருந்து பண்ணுங்க."

ஓல்டான் சத்தமில்லாமல் அழுதார். சத்தம்தான் இல்லையே.

அப்படித்தான் அந்தக் குரல் டிரைவர்களின் ஃபோனுக்குள் போனது. சென்சார் வண்டியின் பின்னால், குரல் வண்டிக்குள். கொஞ்ச நாளில் மாத்தூர் பக்கமிருந்தெல்லாம் டிரைவர்கள் வந்து, அந்த 'வாவாவா' எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆபரேஷன் முடிந்து, டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லிவைத்த நாட்களில் அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அபிப்பிராயங்களாகத் தட்டித் தள்ளினார். நீல டிக் வந்தும் நான் பதில் போடவில்லை என்றால் கேள்விக்குறிகள் வரிசையாக வரும். பேசலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த அன்று காலை ஃபோன் அடித்தது.

"யம்மா, இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டு பேசுது. கதவு மூடுதுன்னு சொல்லிட்டு, நடுவுல ஆளு கீதான்னு பாக்காமயே மூடுது. அத்த எய்தனவன மட்டும் புட்ச்சிக் குடு. நா ஒரு வரி சேக்கணும்."

சொன்னது பாதிக் குரல். காற்று கலந்து, நூல் மாதிரி மெலிந்து வந்தது. நான் நின்ற தெருவில் பஸ் சத்தம் வேறு. நான் ஃபோனின் சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி, காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, இன்னும் பேசுங்கண்ணா என்றேன்.