தவிலுக்கு நாலு துண்டு

வேலங்குளம்,
சத்தியமங்கலம் வழி,
18.1.1997 (தை 5)

உயர்திரு சம்பந்தி நரசிம்மலு அவர்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் மாப்பிள்ளை சசிதருக்கும் ராமுலு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வெங்கடம்மாளும் கல்யாணப் பெண் பிந்துவும் நலம். குளத்தில் இருக்கிறவர்களும் நலம். அவர்கள் நலமாக இருப்பதுதான் இப்போது என் தலைவலி. நாம் வீட்டில் பேசுவது தெலுங்கானாலும் இரண்டு பேருக்கும் எழுத வருவது தமிழ்தான் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். நேரில் வந்து சொல்ல எனக்கு முகம் இல்லை.

தங்கள் கடிதம் போன வாரம் வந்தது. தை இருபத்தெட்டு முகூர்த்தத்துக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து இரண்டு செட் நாதஸ்வரம், ஒரு பேண்டு செட், பத்தாயிரம் வாலா பட்டாசு இரண்டு, கோயில் கோபுரத்தில் கட்ட நான்கு குழாய் ஸ்பீக்கர் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். "மேளச் சத்தம் கேட்காத வீட்டில் எங்கள் பரம்பரையிலேயே பெண் எடுத்ததில்லை" என்று சம்பந்தியம்மாள் சொன்னதையும் எழுதி, அடியில் கோடு வேறு போட்டிருந்தீர்கள். படித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். பிறகு இன்னொரு சொம்பு குடித்தேன்.

சங்கதி என்னவென்றால், எங்கள் குளக்கரையில் ஐப்பசி முதல் பங்குனி வரை மேளச் சத்தம், வெடி, ஸ்பீக்கர் எதுவும் கூடாது. குளம் பறவைகள் சரணாலயம். நீங்கள் பெண் பார்க்க வந்தது ஆவணியில். அப்போது குளத்தில் தண்ணீர் இல்லை, நாலு எருமைதான் நின்றிருந்தது. ஐப்பசியில் தண்ணீர் வந்தால் பறவைகள் எங்கெங்கிருந்தோ வந்து இறங்கிவிடும். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கூழைக்கடா, கடல் தாண்டி வருகிற ஊசிவால் வாத்து என்று வேலமரத்தில் இலையே தெரியாது. பாதி மரத்தில் முட்டை, மீதி மரத்தில் குஞ்சு. தாங்கள் அன்று கரையிலுள்ள பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு, "என்ன அமைதி! இங்கேயே முகூர்த்தம் வெச்சுக்கலாம், மேளம் அடிச்சா சத்தியமங்கலம் வரைக்கும் கேக்கும்" என்றீர்கள். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அதிகம் பேசக் கூடாது என்று வெங்கடம்மாள் சொல்லியிருந்தாள். வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு நாள்தான். அது இப்படி வந்து விடிந்தது.

சரி, இந்தச் சட்டத்தைப் போட்ட மடையன் யார், அவனிடம் பேசிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அந்த மடையன் நான்தானுங்க.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கோயமுத்தூரில் நான் வேலை பார்த்த மில்லை மூடியதும் ஊருக்கு வந்தேன். ஸ்பின்னிங்கில் இருபத்தாறு வருஷம் மேஸ்திரி. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே காலம் போனவனுக்கு இந்தக் குளத்து அமைதி அமிர்தமாக இருந்தது. ஊரில் பறவைப் பாதுகாப்புக் கமிட்டி போட்டார்கள், நான் தலைவரானேன். கரையில் "அமைதி காக்கவும்" என்று போர்டு வைத்தேன். யார் சத்தம் போட்டாலும் ஓடிப் போய் மெதுவாக எடுத்துச் சொல்லுவேன். நான் மெதுவாகச் சொல்லும்போதே பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்து என்ன தகராறு என்று கேட்பார்கள். அவ்வளவு அக்கறை இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் நஞ்சுண்டன் மகன் மோகன்குமாருக்கு இதே கோயிலில் கல்யாணம். நானே போய் நின்று தவிலில் துண்டைச் சுற்ற வைத்தேன். தாலி கட்டும் நேரத்துக்குத் தவில் தலையணையைத் தட்டியதுபோல் தொப்பு தொப்பு என்றது. கெட்டிமேளம் எதுக்கு அடிக்கிறோம்? அந்த நேரத்தில் ஒரு தும்மல், ஒரு அமங்கலச் சொல் காதில் விழக் கூடாது என்றுதானே? அன்றைக்கென்று பின்வரிசையில் ஒருத்தர் செருப்பைக் காணாமல், "அய்யோ, போச்சே!" என்று கத்திவிட்டார். தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு நஞ்சுண்டன் மருமகள் வர்ஷினி கோபித்துக்கொண்டு துடியலூருக்குத் தாய்வீடு போகும்போதெல்லாம், நஞ்சுண்டன் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து, "ஏனுங்க மேஸ்திரி, போச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இதுவரை ஏழு தடவை வந்துவிட்டார்.

இப்போது என் வீட்டுக் கல்யாணம் என்றதும் ஊருக்கே சந்தோஷம். நஞ்சுண்டன் புதுத் துண்டு நாலு வாங்கி, மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "ரெண்டு செட்டுன்னு கேள்விப்பட்டேனுங்க. ஒரு தவுலுக்கு ஒண்ணு, ரெண்டு உபரி." வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

சத்தியமங்கலத்தில் மண்டபம் கேட்டேன், தையில் ஒரு நாள்கூட இல்லை. பத்திரிகையும் கோயில் பேர் போட்டு ஊரெல்லாம் போய்விட்டது. குளத்து வாட்சர் ரசாக்கிடம், அதுகள் எப்போதப்பா கிளம்பும் என்று கேட்டேன். "குஞ்சுகளுக்கு ரெக்கை மொளைச்சா போயிருமுங்க" என்றார். என் பெண்ணுக்கும் அதேதானே என்று நினைத்துக்கொண்டேன். ஒரே பெண் சம்பந்தி. மேளம் வைத்தால் ஊர் என்னைக் காறித் துப்பும், வைக்காவிட்டால் தாங்கள் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்புவீர்கள். ராத்திரி தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. பிந்து மட்டும் என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டுப் போகிறாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே தங்கள் காலில் விழுந்ததாக நினைத்துக் கேட்கிறேன். மேளமும் வெடியும் இல்லாமல் வாங்க. இந்த ஒரு தடவை சம்பந்தியம்மாளைச் சமாதானம் செய்யுங்க. வேண்டுமானால் ஆனியில் பிந்துவை அழைத்துக்கொண்டு உடுமலைக்கு வருகிறேன், உங்கள் தென்னந்தோப்பில் மூணு நாள் விடாமல் அடிக்கச் சொல்லுங்க, நானே தவில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. சம்பந்தியம்மாளுக்கு முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறோம். தோப்பும் கிணறும் தங்கள் குடும்பமும் குறைவில்லாமல் இருக்க எங்கள் பெருமாளை வேண்டிக்கொள்ளும்,
ராமுலு.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாமுங்க. கவரை ஒட்டறதுக்கு முன்னாடி எல்லாம் தலைகீழாப் போச்சு. மத்தியானம் நஞ்சுண்டன் ஊரையே கூட்டிக்கிட்டு, பக்கத்து ஊர் மேளக்காரங்களோட கரைக்கு வந்துட்டார். "ஒம்பது வருசமா இவர் சொல்றது நெசமான்னு பாத்துப்போடலாமுங்க"ன்னு கெட்டிமேளம் அடிக்கச் சொல்லிட்டார். அடிச்சாங்க. ஒரு பறவை அசையலையாமுங்க. கூழைக்கடா ஒண்ணு கண்ணைத் தொறந்து பாத்துட்டு மறுபடி மூடிக்கிச்சாம். சத்தம் கேட்டதும் நான் ஊட்டு வாசல்ல இருந்து ஓடிப் போய், "நிறுத்துங்க!"ன்னு மெதுவாத்தான் சொன்னேன். அவ்வளவுதான், குளமே எந்திரிச்சு வானத்துக்குப் போயிருச்சு. வெயிலே தெரியலை. அரை மணி நேரம் கழிச்சுத்தான் எறங்குச்சு.

ரசாக்தான் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "ரொம்ப நாளாச் சொல்லோணும்னு இருந்தேனுங்க மேஸ்திரி. அதுக வேற எந்தச் சத்தத்துக்கும் பறக்காதுங்க. நீங்க பேசுனா மட்டுந்தான் பறக்குமுங்க"ன்னார். கமிட்டி அங்கயே கூடிருச்சு. மேளம் வெக்கலாம், வெடி மட்டும் கூடாது, ராமுலு கரையில வாயைத் தொறக்கக் கூடாதுன்னு தீர்மானம். நஞ்சுண்டன் அந்த நாலு துண்டுல ஒண்ணை எடுத்து என் தோள்ல போட்டு, "வீணாப் போகலைங்க"ன்னார். சொல்லச் சங்கடமா இருக்குது, மொதல்ல கை தட்டுனது வெங்கடம்மாள்தான்.

அதனால வெடியை மட்டும் ஊட்லயே வெச்சுட்டு, மேளம் ரெண்டு செட்டையும் கட்டாயம் கூட்டியாங்க. முடிஞ்சா மூணு செட். நான் துண்டைக் கடிச்சுக்கிட்டு நின்னுக்கறேன். ஆனா பிந்து கையைப் புடிச்சு மாப்பிள்ளை கையில குடுக்கற நேரத்துக்கு எனக்கு என்ன வருமோ தெரியாது சம்பந்தி. அந்த ஒரு நிமிசம் மட்டும் தவுலை நல்லா ஓங்கி அடிக்கச் சொல்லுங்க. நான் அழறது அதுகளுக்குக் கேக்கக் கூடாது.