கடல் இல்லாத ஊரின் கடல் தலைவர்

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கடலுக்குக் கிளம்பினால் அதில் ஒருவர் தலைவராகிவிடுவார். அவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. கார் புறப்படும் இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, இடுப்பில் கைவைத்து நின்று, மற்றவர்களின் பைகளைத் திறந்து பார்த்து, "இதெல்லாம் எதுக்குலா?" என்று முதலில் கேட்பவர் எவரோ அவரே தலைவர். இந்த இனத்தை நீங்கள் பார்த்ததே இல்லை என்றால் ஒரு சனிக்கிழமை காலையில் ஈப்போவுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

எனக்குத் தெரிந்த கடல் தலைவரின் பெயர் பத்துமலை. கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு வீடு கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் வசிக்கிறார். அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் லூமுட் கடற்கரை வரை காரோட்ட வேண்டும். அக்கம்பக்கத்தில் தண்ணீர் என்று சொல்ல, மழைக்காலத்தில் பொங்கி வழியும் பெரிய கால்வாய் ஒன்றுதான் உண்டு. ஆனாலும் விடிந்ததும் வாசலுக்கு வந்து, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு மேலே வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கு கடல் கலங்கலா இருக்கும்" என்பார். போய்ப் பார்த்தால் கலங்கியிருந்தால், சொன்னேனே என்பார். தெளிந்திருந்தால், நேற்றைக்குக் கலங்கியிருந்தது உனக்குத் தெரியாது என்பார். இவரை யார் ஜெயிக்க முடியும்?

மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிப் பாறைகளுக்கு இறங்கி, ரப்பர் பட்டையை இழுத்துவிட்டு ஈட்டியால் மீனைக் குத்துகிற விளையாட்டு இவருடையது. முதுகில் காற்று உருளை கிடையாது. நெஞ்சில் உள்ள மூச்சுதான் கைமுதல். வரவேற்பறைச் சுவரில் ஈட்டிகள் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. நண்பர்களின் கைத்தொலைபேசிப் புலனக் குழுவில் அவர் குரல்பதிவுகள் வராத நாளில்லை. ஒவ்வொன்றும் ஒரு சொற்பொழிவு. இதுவரை பிடித்ததில் மிகப் பெரிய கெராப்பு மீன் எது என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் வராத பயணத்தில் பிடித்தது. அவர் மனைவி பிரமிளாவைக் கேட்டால், அந்த வீட்டில் பொரிக்கும் மீனெல்லாம் சந்தையில் வாங்கியது என்று சொல்லிவிடுவார். அதனால் பிரமிளாவிடம் பேச்சு போவதற்குள் தலைவர், "டீ போடேன்" என்று உள்ளே அனுப்பிவிடுவார்.

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை இவரோடு போனவர்கள் இருவர். ஒருவன் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தனேஷ், அதிகம் பேசமாட்டான். இன்னொருவன் தாப்பாவில் ஆசிரியராக இருக்கும் தீபன். தலைவர் சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்பவன். தீபனின் மனைவி சாந்தினிக்கு அப்போது நிறைமாதம். கார் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, "அண்ணே, இவர பாத்துக்குங்க" என்றாள்.

"நான் இருக்கேன்ல, அப்புறம் என்னம்மா?" என்றார் தலைவர்.

வழியெல்லாம் பாடம் நடந்தது. "ஒருத்தன் கீழ போனா இன்னொருத்தன் மேல மெதந்துகிட்டு பாத்துக்கிட்டே இருக்கணும். அவன் மேல வந்து, மூச்சு விட்டு, ஓக்கே சொல்ற வரைக்கும் கண்ண எடுக்கக் கூடாது. மூச்சடக்குறவன் கீழ சாவறதில்லலா, மேல வர்றப்பதான் மயங்குவான். இது என் ரூல்."

அத்தனையும் உண்மை. கடல் தலைவர்களிடம் இருக்கும் பெரிய தொல்லையே இதுதான். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

லூமுட்டில் ஏறிய வாடகைப் படகு ஒரு சின்னத் தீவின் அருகே நங்கூரம் போட்டது. தண்ணீர் வெந்நீர் போல் இதமாக இருந்தது. முதலில் இறங்கிய தனேஷ் கொஞ்ச நேரத்தில் நல்ல கெராப்பு ஒன்றோடு வந்து, அதைப் படகில் போட்டுவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே இளைப்பாறினான். அடுத்தது தீபனின் முறை. மேலே காவல், தலைவர்.

தீபன் தலைகீழாக இறங்கி மறைந்தான். தலைவர் குப்புற மிதந்தபடி பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார்? படகில் மீன் துள்ளுகிற சத்தம் கேட்கும்வரை.

உயிரோடு துள்ளும்போது எடுத்தால்தானே படம் படமாக இருக்கும்? தலைவர் நீந்திப் போய்ப் படகில் ஏறினார். தனேஷின் மீனைச் செவுளில் விரல்விட்டுத் தூக்கினார். பெரிதாகத் தெரிய கையை முன்னால் நீட்டினார். படகுக்காரரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்தார். வயிறு தெரிகிறது என்று இன்னொன்று எடுக்கச் சொன்னார். சிரிப்பு சரியில்லை என்று இன்னுமொன்று.

"அண்ணே, தீபன் எங்க?" என்றான் தனேஷ்.

"கீழதான்லா. இப்ப வருவான்" என்றவர் அடுத்த படத்துக்குச் சிரித்தார்.

தனேஷ் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தான். தீபன் மேலே வந்துகொண்டிருந்தான். நீர்மட்டத்துக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது அவன் கால்கள் அசைவதை நிறுத்தின. ஈட்டி கையிலிருந்து நழுவியது. பிறகு, தூங்குகிறவனைப் போல மெல்ல மறுபடியும் கீழே இறங்கத் தொடங்கினான்.

தனேஷ் யாரையும் கூப்பிடவில்லை. மூழ்கிப் போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவந்தான். நீச்சல் கண்ணாடியைப் பிய்த்தெறிந்து, கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதி, "தீபா, மூச்சு விடு. மூச்சு விடுடா" என்று கத்தினான். உதடு நீலமாக இருந்தது. படகுக்காரர் குனிந்து தலையைத் தாங்கினார். இன்னொரு முறை ஊதியதும் தீபன் நெஞ்சு விம்ம, கரகரவென்று காற்றை இழுத்தான். கண் திறந்து, "ஏன் கத்துற?" என்று கேட்டான். தனேஷ் படகின் விளிம்பில் நெற்றியை வைத்து அழுதான்.

இத்தனை நேரமும் தலைவரின் கையில் மீன் இருந்தது.

"டென்ஷன் ஆவாதலா. கடல்னா இப்படித்தான்" என்றார். ஒரு காப்பி குடித்தால் சரியாகிவிடும் என்பது அவர் வைத்தியம். தனேஷ் கேட்காமல் மருத்துவமனைக்குக் காரை விட்டான். நெஞ்சைப் படமெடுத்து, வெகுநேரம் வைத்திருந்து பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள். அங்கே டாக்டருக்கும் தலைவர் மயக்கம் எப்படி வருகிறது என்று விளக்கினாராம்.

கேள்விப்பட்டு அன்று சாயங்காலம் தீபன் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். தலைவர் நடுநாற்காலியில் இருந்தார்.

"நான் கண்ண எடுக்கவே இல்லம்மா. மேல வர்றான், கால் ஆடல. உடனே தெரிஞ்சிருச்சு. தனேஷ் கிட்டக்க இருந்தான், போ போன்னு அனுப்புனேன்."

சாந்தினி எழுந்து அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். "எம் புள்ளைக்கு அப்பாவ திருப்பிக் குடுத்துட்டீங்க அண்ணே."

"விடும்மா, இது என் கடமை."

தனேஷ் டீயைக் குடிக்காமல் எழுந்து வெளியே போனான். தீபன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மயங்கிக் கிடந்தவனுக்கு என்ன தெரியும் என்று தலைவர் நினைத்திருக்க வேண்டும். அவரே குழுவில் போட்ட படங்களை அவன் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்ததை அவர் அறியவில்லை. ஒன்றில், மீனுக்குப் பின்னால், அவனைத் தேடித் தண்ணீருக்குள் கவிழ்ந்திருந்த தனேஷின் தலை தெரிந்தது.

குழந்தை பிறந்து சில வாரம் கழித்துக் கோப்பிக்கடையில் கூடினோம். தலைவர் மீட்புக் கதையைச் சொல்லி முடித்து, அடுத்த பயணத்துக்கு நாள் குறித்தார். தீபன் மரியாதையாகத்தான் பேசினான்.

"போலாம் அண்ணே. ஆனா இந்த தடவ நீங்க எறங்குங்க. நான் போட்ல நிக்கிறேன், மீன பிடிச்சிக்கிட்டு."

தலைவர் வெகுநேரம் டீயைக் கலக்கினார். பிறகு காதைத் தடவி, "காதுல கொஞ்சம் வலி. டாக்டர் எறங்கக் கூடாதுன்னுட்டாரு" என்றார்.

அன்றே தீபன் சாந்தினியிடம் நடந்ததைச் சொன்னான். மறுநாள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போய், எண்ணெய்க் கறையோடு நின்ற தனேஷின் கையில் கொடுத்தாள். அவன் சட்டையில் கையைத் துடைத்துத் துடைத்து வாங்கிக்கொண்டானாம்.

தலைவருக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தைப்பிங்கிலிருந்து புதுக் குழு ஒன்று கிடைத்திருக்கிறது. காது வலி குணமாகிவிட்டது. தீபனைக் காப்பாற்றிய கதையில் இப்போது அவரே குதிக்கிறார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். உடனே அவருக்கு அனுப்பிவைக்கக் கை துறுதுறுக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் உங்கள் கைத்தொலைபேசியில் ஒருமுறை பாருங்கள். நண்பர்களில் யாராவது, ஒரு வார்த்தையும் எழுதாமல், இதை ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பியிருக்கக்கூடும்.