முதல் அடி ஆர் அடிச்சது?

வன்னியில் சண்டை நடந்த அந்த நாட்களில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரை விசாரித்தார்கள். ஆனால் ஒரு நட்டுக்காக மனிதரை இருத்தி வைத்து விசாரித்தவர் மல்லாவியில் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊர் அவரை ‘விசாரணை’ என்றது. முகத்துக்கு நேரே என்றால் ‘விசாரணை அண்ணை’. அவரும் அதற்கு ஓம் என்றுதான் திரும்புவார்.

பழுது பார்க்கிற அவருடைய கராச் என்பது ஒரு பாலை மரம். கூரை கிடையாது. கிளையில் ஒரு பழைய லொறி அச்சின் துண்டு கம்பியில் தொங்கும். பழுதான பொருளோடு யாராவது வந்தால் ஸ்பானரால் அதில் மூன்று தட்டுத் தட்டுவார். அதுதான் அவருடைய மணி. வந்தவர் கிழிந்த லொறி இருக்கை ஒன்றில் இருத்தப்படுவார். கேள்வி ஒன்றுதான்.

“முதல் அடி ஆர் அடிச்சது?”

எந்தப் பொருளும் தானாகப் பழுதாவதில்லை, யாரோ ஒருவர் பொறுமை கெட்டுச் சுத்தியலைத் தூக்கியதால்தான் பழுதாகிறது என்பது அவருடைய கொள்கை. ஒப்புக்கொள்ளாதவரின் பொருளில் கை வைக்கமாட்டார். ஒப்புக்கொண்டால் தண்டனை உண்டு. அங்கே நிற்கிற எல்லோருக்கும் தன் செலவில் பனங்கட்டியோடு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் இவருடைய நீண்ட ஆயுளுக்காகக் கோயிலில் நேர்த்திக்கடன் வைத்திருந்ததாகக் கேள்வி.

ஒருமுறை கோயில் ஐயர் தண்ணீர் இறைக்கிற மிசினைக் கொண்டு வந்தார்.

“நான் மந்திரம் சொல்லுற ஆள். சுத்தியல் தூக்குவனோ?” என்றார் ஐயர்.

“மந்திரத்துக்கு அது அசையேல்லை எண்ட பிறகு என்ன செய்தனீங்கள், ஐயா?”

ஐயர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணிக்குச் சொன்னார்.

இன்னொரு முறை ஒரு புருசனும் பெண்சாதியும் சைக்கிளோடு வந்தார்கள். விசாரணையில் சைக்கிளுக்குச் சம்பந்தமில்லாத பல விசயங்களும் வெளியே வந்து, இருவரும் வெவ்வேறு பாதையால் வீட்டுக்குப் போனார்கள். சைக்கிள் நன்றாக ஓடியது.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அத்தான் போய் மாட்டினார். அத்தான் எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் அல்ல. சோற்றில் கல் கிடந்தால் அக்காவின் பிழை, கல்யாணம் நடந்தது மாமாவின் பிழை.

நாங்கள் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, மல்லாவிக்கு அப்பால் பற்றையை வெட்டிக் கொட்டில் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. தடி நட்டாயிற்று, கூரை இல்லை. அக்கா நிறைமாதம். கிழக்கே மாரி கறுத்துக்கொண்டு நின்றது. முதல் மழை விழுந்தால் எங்கள் பாதை லொறியை விழுங்கிவிடும். அதற்கு முன் கூரை வேயத் தென்னோலைக் கிடுகு வந்து சேர வேண்டும். அத்தானும் நானும் அவருடைய லொறியில் முள்ளிவாய்க்காலில் கிடுகு ஏற்றிக்கொண்டு மல்லாவிவரை வந்துவிட்டோம். அங்கே லொறியின் இடப்பக்கச் சில்லு தலையாட்டத் தொடங்கியது.

விசாரணை அண்ணை சில்லின் நடு மூடியைக் கழற்றிப் பார்த்தார். அச்சின் நுனியில் நட்டு ஏறுகிற புரி வெட்டியிருக்கும். அதில் இரண்டு நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கித்தான் சில்லைக் கழலாமல் வைப்பது. வெளி நட்டு கையோடு வந்துவிட்டது. அதற்குக் கீழே புரி நசிந்து, சப்பித் துப்பிய கரும்பு போலக் கிடந்தது.

மூன்று தட்டு.

“முதல் அடி ஆர் அடிச்சது?”

“வாங்கேக்கையே இப்பிடித்தான் இருந்தது” என்றார் அத்தான்.

“சத்தியமா?”

“சில்லு ஆடுது எண்டு நேற்று ரெண்டு தட்டுத் தட்டினனான். அது அடியில்லை.”

“அது ரெண்டாம் அடி. எனக்கு முதல் அடி வேணும்.”

நான் கிழக்கே பார்த்தேன். அங்கே இடி முழங்கியது. விசாரணை அண்ணை அவசரமில்லாமல் வெளி நட்டை மண்ணெண்ணெயில் கழுவினார். அவருக்கு ஒரு பெருமை உண்டு. தான் பூட்டுகிற ஒவ்வொரு நட்டிலும் மூன்று புள்ளி குத்திவிடுவார், தன் வேலை என்று உலகத்துக்குத் தெரிய வேண்டுமாம். கழுவிய நட்டில் மூன்று புள்ளி இருந்தது.

அவர் நட்டைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார்.

“இது முந்திப் பச்சை லொறியோ?”

“ஓம். நான்தான் வாங்கி நீலம் அடிச்சனான்.”

அவர் எழும்பிப் போய் மூன்று தட்டுத் தட்டினார். அத்தானை எழுப்பிவிட்டுத் தானே அந்தக் கிழிந்த இருக்கையில் உட்கார்ந்தார். “முதல் அடி ஆர் அடிச்சது?” என்று கேட்டார். குரலை மாற்றாமல், “நான்தான்” என்றார்.

வாழ்க்கையில் முதன்முறையாக நீதிபதியாகக் கிடைத்த சந்தர்ப்பத்தை அத்தான் விடவில்லை. “ஏன் அடிச்சனீங்கள்?”

“இது உழுகிற றக்ரர் நட்டு. புரி நெருக்கம். ரெண்டு சுத்துப் போய் இறுகிட்டுது. மிச்சத்தைச் சுத்தியலால அடிச்சு ஏத்தினன்.”

“சரியான நட்டுக் கிடைக்கேல்லையோ?”

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். தொங்கிய அச்சுத் துண்டின் நுனியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதே இன லொறியின் இரண்டு நட்டுகள் இருந்தன.

“அண்டைக்கும் அது உதிலதான் தொங்கினது. மணி இல்லாட்டி என்னை ஆர் மதிப்பினம் எண்டு விட்டிட்டன், தம்பி.”

அவர் எழும்பி வேலையில் இறங்கினார். அச்சில் மிஞ்சியிருந்த உள் நட்டு நசிந்த புரியைத் தாண்டி வராது. அதை இரும்பு வாளால் இரண்டு பாதியாக அறுத்தார். இருந்த ஒரு நல்ல நட்டும் போனதே என்று அத்தான் தலையில் கை வைத்தார். விசாரணை அண்ணையோ அந்த இரண்டு பாதிகளையும் உள்ளே பழுதாகாமல் கிடந்த புரியில் வைத்து, குறட்டால் இறுக்கிப் பிடித்து, உள்ளிருந்து வெளியே மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தார். நல்ல புரியிலிருந்து புறப்பட்ட நட்டு வழியிலிருந்த கெட்ட புரியை எல்லாம் நிமிர்த்திக்கொண்டு வந்தது. மிச்சப் பிசிறை முக்கோண அரத்தால் ராவினார். பிறகு மரத்தடிக்குப் போய்த் தன் மணியின் நட்டுகளைக் கழற்றினார். அச்சுத் துண்டு தொப்பென்று மண்ணில் விழுந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

இரண்டு நட்டும் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறின. கூலி கேட்டோம்.

“குற்றவாளி கூலி வாங்கிறேல்லை” என்றார். கிடுகாவது வைத்திருங்கள் என்றோம். அதற்கும் அதே பதில். எங்களுக்குத் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார், பனங்கட்டியோடு.

அடுத்த நாள் பொழுதுபடக் கூரை வேய்ந்து முடித்தோம். கடைசிக் கிடுகைக் கட்டி அத்தான் இறங்கவும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

“அந்த மனிசன் அங்க மரத்துக்குக் கீழ நனையுதோ தெரியாது” என்றார்.

விடிந்ததும் அத்தானைக் காணவில்லை. மிச்சக் கிடுகையும் நாலு தடியையும் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். மத்தியானம் தொப்பலாக நனைந்து வந்தார். மரத்தடியில் பந்தல் போட்டு முடியும்வரை விசாரணை அண்ணை தள்ளி நின்று பார்த்தாராம். பிறகு ஸ்பானரை எடுத்து, மணி இல்லாததால் வெறும் மரத்தில் மூன்று தட்டுத் தட்டி, “இது ஆர் செய்த வேலை?” என்று கேட்டாராம்.

“நான்தான்” என்றாராம் அத்தான். சொல்லிவிட்டு, தானே போய் எல்லோருக்கும் தேத்தண்ணிக்குச் சொன்னாராம்.